கம்பளியின் தொடக்கம்

பதுளையிலிருந்து மட்டக்களப்பை நோக்கிச் செல்லும் சாலையிலே, பசறைக்கு அப்பால் உள்ளது லுணுகலை. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களிலே, மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் முன்னாளில் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிட்டே மலையேறினர். 19ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குத் தோட்டத்தார் கம்பளி கொடுத்தனர். அதன் விலையை அவர்கள் பேரிலேயே கடனாகவும் எழுதினர். கூலி காணுமுன்னரே கடனாளியான ஒருவருக்கு, அந்தக் கம்பளி மழையைத் தாங்குமா என்பது சிறிய கேள்வியன்று.

அக்கேள்விக்கு விடை தறியிலே மட்டும் இல்லை. உரோமத்தைக் கழுவும் தொட்டியிலேயே அது தொடங்குகிறது.

ஆட்டிலிருந்து கத்தரித்த உரோமத்திலே மண்ணும் முள்ளும், வியர்வையின் உப்பும், தோலில் ஊறும் மெழுகும் கலந்திருக்கும். நுண்ணிய உரோமம் தரும் மெரினோ ஆட்டிலே, கழுவியபின் எடையிற் பாதியளவு குறைவதும் உண்டு. தென்னாட்டுக் குறும்பர் கம்பளி நெய்யப் பயன்படுத்தும் முரட்டு உரோமத்திலே மெழுகு குறைவு.

முதலில் சாணம் படிந்த வயிற்று உரோமத்தையும் கால் உரோமத்தையும் பிரித்து விலக்க வேண்டும். எஞ்சியதைத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிட்டால் உப்புக் கரையும். மண்ணும் பெரிதும் நீங்கும். மெழுகோ தண்ணீருக்கு அசையாது. சுமார் 40 பாகைச் சூட்டிலேதான் உருகும். ஆகவே 60 பாகை அளவுள்ள வெந்நீரிலே காரமற்ற சவர்க்காரத்தையோ பூவந்திக்கொட்டைச் சாற்றையோ கலந்து, உரோமத்தை மெல்ல அமிழ்த்திக் கால் மணி நேரம் அசைக்காது விடவேண்டும். நீர் ஆறுமுன்னர் எடுத்துவிடுதல் அவசியம். ஆறினால் உருகிய மெழுகு திரும்பவும் உரோமத்திலே படியும். அலசும் நீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கவேண்டும்.

கசக்குதல் கூடவே கூடாது. ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் போன்ற செதில்கள் உண்டு. சூட்டிலே தேய்த்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, உரோமம் பிரிக்கவியலாத கட்டியாகிவிடும். துணியிலே பொதிந்து நீரை ஒற்றி, நிழலிலே பாயில் பரப்பி உலர்த்தவேண்டும். பின்பு விரலாற் பிரித்து, வில்லாலடித்தோ சீப்பிட்டோ திரியாக உருட்டினால் நூற்பதற்கு ஆயத்தமாகும்.

மெழுகை முற்றும் போக்கினால் நூல் வெண்மை பெறும். சாயமும் நன்கு பிடிக்கும். சிறிது விட்டுவைத்தால் இழை வழுக்கி ஓடும். மழைநீரும் விரைவில் உட்புகாது. எதைக் களைவது, எதை விடுவது என்று அறிந்த கையே நல்ல கை.

இன்று மலைகளிலே கம்பளியின் இடத்தைப் பிளாஸ்திக்கு விரிப்புகள் பிடித்துக்கொண்டன. எனினும் கடனுக்கு வாங்கிய அந்தக் கம்பளி எத்தனையோ மழைகளைத் தாங்கிற்று. கடனேட்டிலே கம்பளியின் விலை உண்டு; உரோமத்தைக் கழுவியவர் பெயர் அங்கு இல்லை.