உழவர் மனையில் கூதிர் விருந்து



உண்பதற்கென்றே ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கம் இன்று உலகெங்கும் பெருகி வருகின்றது. நகரத்தார் ஓய்வு நாள்களில் நாட்டுப்புறம் சென்று, ஆங்குள்ள விடுதிகளில் தங்கி, அவ்வப் பருவத்தில் அவ்வம் மண்ணில் விளைந்தவற்றை உண்டு மீள்கின்றனர். இதனை வெறும் நாச்சுவை நாட்டம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், ஓரிடத்து உணவு அவ்விடத்துக்கே உரியதாய் நிலைபெறுவது எதனால்? மண்ணாலா? பருவத்தாலா? சமைக்கும் கையாலா? இம்மூன்றும் வேண்டும். இவற்றோடு மொழியும் வேண்டும். இவ்வுண்மைக்குச் சான்றாய் நிற்பது ஆல்ப்சு மலைச்சாரலில் உள்ள தென்திரோல் என்னும் சிறு நிலப்பகுதி.

தென்திரோல் இன்று இத்தாலி நாட்டின் வடகோடியில் ஆசுத்திரிய எல்லையை ஒட்டிக் கிடக்கின்றது. ஆங்கு வாழ்வோருள் பத்தில் ஏறத்தாழ எழுவர் செருமானிய மொழியினர்; ஏனையோருள் பெரும்பாலோர் இத்தாலிய மொழியினர்; மலைப்பள்ளத்தாக்குகள் சிலவற்றில் லதீன் என்னும் தொன்மொழியைப் பேசுவோரும் உளர். மேலே பனிமூடிய முகடுகள். இடையே ஆனிரை மேயும் புல்வெளிகள். கீழே கொடிமுந்திரித் (திராட்சை) தோட்டங்கள். பிரிக்சன் நகரிலிருந்து போட்சன் நகர் நோக்கி ஓடும் ஐசாக்கு ஆற்றின் இருமருங்கும் உள்ள உழவர் மனைகளில்தான் தோர்கெலன் என்னும் விருந்து நடைபெறுகின்றது.

அக்டோபர்த் தொடக்கம் முதல் நவம்பர் முடிய அவ்விருந்தின் காலம். தமிழ் மரபில் கூதிர் எனப்படும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களை ஒட்டிய பருவம் அது. கொடிமுந்திரி அறுவடை முடிந்து, பிழிந்த சாறு தேறலாக மாறிக்கொண்டிருக்கும் வேளை. விருந்தினர் மலைப்பாதையில் கால்நடையாகவே ஏறிச் செல்வர். பழுத்துச் சிவந்த இலைகள் உதிரும் கசுக்கொட்டைத் தோப்புகளின் ஊடே பாதை செல்லும். முள்தோட்டினுள் விளையும் பழுப்பு நிறக் கொட்டை அது. அவ்வூரார் வழக்கில் கெசுத்தன். பிரிக்சன் பக்கமிருந்து போட்சனை அடுத்த உருங்கல்சுத்தைன் கோட்டை வரை 60 கி.மீ. நீளும் அப்பாதைக்குக் 'கெசுத்தன் வழி' என்றே பெயர்.

மனை வாயிலில் பசுந்தழைக் கொத்து ஒன்று தொங்கினால், உள்ளே விருந்து உண்டு என்பது பொருள். பலகை பாவிய சுவர்களும் கணப்பு அடுப்பும் உடைய கூடத்தில் விருந்தினர் அமர்வர். முதலில் வாற்கோதுமைக் கஞ்சி வரும். அடுத்து, கீரை பொதிந்த அரைமதி வடிவக் கொழுக்கட்டை. பின்னர், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, புளிக்கவைத்த முட்டைக்கோசு, பழைய அப்பத்தைப் பிசைந்து செய்த உருண்டை. இறுதியில், துளையிட்ட சட்டியில் தீயின்மேல் வாட்டிய கசுக்கொட்டையை வெண்ணெயுடன் வைப்பர். உடன், நொதித்து முடியாத இனிய புதுச்சாறும் இளந்தேறலும். கள்ளுண்ணாமை போற்றும் தமிழர்க்கு இறுதியிற் சொன்னது வேண்டாததாகலாம். பருவத்தோடு ஒட்டி வாழும் அம்முறை வேண்டாததன்று.

இவ்வுணவு வரிசையை எண்ணிப் பாருங்கள். குளிர் தொடங்குங்கால் பன்றி அடிப்பர். ஆகவே இறைச்சி உண்டு. குளிர்காலத்துக்கென்று கோசு புளிக்கவைப்பர். ஆகவே அதுவும் உண்டு. கொட்டை உதிரும் காலம் அதுவே. சாறு பிழியும் காலமும் அதுவே. உழவன் ஆண்டுமுழுதும் செய்த வேலை ஒரு பலகையில் வந்து அமர்கின்றது. அறுவடைக்கு உதவியவர்க்கும், புதுத்தேறலைச் சுவைத்து விலைபேச வந்தவர்க்கும் உழவர் இட்ட விருந்தே இதன் தொடக்கம் என்பர்.

தோர்கெலன் என்னும் பெயரும் உழவிலிருந்தே பிறந்தது. தோர்கல் என்பது கொடிமுந்திரி பிழியும் செக்கு. முறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன வேர் அதற்கு உண்டு. எனினும் அதனைத் தம் நாவுக்கேற்பத் திரித்து, வினையாக்கி, ஒரு பருவத்துக்கே பெயராக்கிக் கொண்டவர் அம்மலைவாணரே.

இப்பெயர்களெல்லாம் இன்று வழங்குவது தானாக நேர்ந்ததன்று.

முதல் உலகப்போரின் பின், 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தென்திரோல் ஆசுத்திரியாவினின்று பிரிக்கப்பட்டு, 1920இல் இத்தாலியோடு சேர்க்கப்பட்டது. 1922இல் முசோலினி ஆட்சியைக் கைப்பற்றினார். 1923இல் எத்தோரே தொலோமெய் என்பார் தொகுத்த பட்டியல்வழி ஊர், ஆறு, மலை ஆகியவற்றின் இத்தாலியப் பெயர்களே ஆட்சிப் பெயர்களாயின. பிரிக்சன் பிரெசனோனே ஆயிற்று. தோர்கெலன் விருந்துக்குப் பெயர்பெற்ற கிளவுசன் கியூசா ஆயிற்று. ஐசாக்கு இசார்க்கோ ஆயிற்று. திரோல் என்னும் பெயரை வழங்குவதே தடை செய்யப்பட்டது. அவ்வாண்டே பள்ளிகளில் செருமானியக் கல்வியை அகற்றும் சட்டமும் வந்தது.

அம்மக்கள் என் செய்தனர்? மிக்கேல் காம்பர் என்னும் சமயக் குரவர், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தாய்மொழி கற்பிக்க அழைப்பு விடுத்தார். உழவர் மனைக் கூடங்களிலும் பரண்களிலும் மறைவாகப் பள்ளிகள் நடந்தன. நிலத்தடிப் பள்ளிகள் என்று வரலாறு அவற்றைக் குறிக்கும். கற்பித்தவருள் பெரும்பாலார் இளம்பெண்கள். அவருள் ஒருவரான ஆஞ்செலா நிக்கொலெத்தி சிறைப்பட்டார். நோயுற்று 1930இல் தம் இருபத்தைந்தாம் அகவையில் மறைந்தார். இப்பள்ளிகளுக்குத் துணைநின்ற வழக்கறிஞர் யோசப்பு நோல்தின் லிப்பாரித் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார், 1929இல் உயிர்நீத்தார். இன்று விருந்தினர் அமர்ந்து கசுக்கொட்டை உரிக்கும் கூடங்களைப் போன்ற கூடங்களில்தான் அன்று பிள்ளைகள் தாழ்குரலில் எழுத்துக் கற்றனர்.

1939இல் இட்லரும் முசோலினியும் செய்துகொண்ட உடன்பாடு அம்மக்களை இருதலைக் கொள்ளி எறும்பாக்கியது. மொழியைக் காக்க வேண்டின் நிலத்தைவிட்டுச் செருமனிக்குச் செல்லல் வேண்டும். நிலத்தில் இருக்க வேண்டின் மொழியைக் கைவிடல் வேண்டும். பெரும்பாலார் செல்லவே இசைந்தனர். ஏறத்தாழ 75,000 பேர் சென்றும்விட்டனர். போர் மூண்டமையால் ஏனையோர் தங்கினர். மண்ணையும் மொழியையும் பிரித்தெடுத்தால் இரண்டுமே வாடும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. காம்பர் இரு கொடுங்கோலரையும் எதிர்த்து, மண்ணிலேயே நிற்குமாறு மக்களை வேண்டினார்.

நிலத்தைக் காத்த மற்றொன்று சட்டம். மனையும் வயலும் தோப்பும் துண்டுபடாமல் ஒருவர்க்கே மரபுரிமையாகச் செல்ல வேண்டும் என்னும் 'மூடிய பண்ணை' முறை, 1900இல் திரோலில் சட்டமாக்கப்பட்டது. இத்தாலிய ஆட்சி 1929இல் அதனை நீக்கியது. 1954இல் அம்மாநிலத்தார் அதனை மீட்டனர். 1946ஆம் ஆண்டு உடன்பாடும், 1972ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டமும் மொழிக்கு உரிமை அளித்தன. இன்று ஊர்ப்பலகைகளில் இருமொழிப் பெயர்களும் உள்ளன. பள்ளிகளில் தாய்மொழி ஒலிக்கின்றது.

ஆயினும் அயலாட்சி அழிக்க மாட்டாததை வணிகம் அழித்துவிடக் கூடும். தோர்கெலன் இன்று விலைபோகும் சரக்காகிவிட்டது. பருவம் பிறக்கும் முன்பே அதன் பெயரால் விருந்து வைப்போர் உளர். கொடியும் தோப்பும் இல்லாத பெருவிடுதிகள் தேறலையும் கொட்டையையும் வாங்கி வைத்து அப்பெயரைச் சூட்டிக்கொள்கின்றன. நடந்து ஏற வேண்டிய மலைக்கு வண்டி வண்டியாகக் கூட்டம் வந்து இறங்குகின்றது.

இதற்கு வரம்பு கட்டும் முயற்சிகளும் உண்டு. உழவர் மனை விடுதிகளைப் பற்றி இத்தாலி 1985இல் இயற்றிய சட்டமும், அதன் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டுச் சட்டமும் உழவே முதன்மை, விருந்தோம்பல் அதன் துணைத்தொழில் என்று வகுத்தன. உழுவதை விட்டுவிட்டு விடுதி மட்டும் நடத்துவோன் அப்பெயருக்கு உரியவனல்லன். தென்திரோல் அரசோ 2022இல் விடுதிப் படுக்கைகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு விதித்தது. வருவோர் தொகையால் வருவாய் பெருகும் நாடொன்று தானே முன்வந்து இனிப் போதும் என்று கூறுதல் எளிய செயலன்று.

தமிழுணர்வாளர்களே! தொல்காப்பியர் கருப்பொருளை வகுத்தபோது உணவையும் அதனுள் வைத்தார். குறிஞ்சிக்கு ஓர் உணவு, நெய்தலுக்கு ஓர் உணவு என்று தமிழ் மரபு நிலத்தோடு ஊணைப் பிணைத்தது. அம்மரபில் வந்தவர்க்குத் தென்திரோல் உழவனின் பலகை அயலானதாகத் தோன்றாது.

நாட்டுப்புற விருந்துக்குச் செல்வோர் எந்நாட்டுக்குச் செல்லினும் மூன்று வினாக்களை மறவாது எழுப்புக: இது விளைந்தது எந்நிலத்தில்? இது இப்பருவத்து விளைவுதானா? இதனை இம்மண்ணின் மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனர்? மூன்றுக்கும் விடை கிடைக்குமாயின், அங்கு இன்னும் ஒரு மக்களினம் தன் மண்ணில் தன் மொழியோடு வாழ்கின்றது என்று துணியலாம். அப்பெயரைக் கேட்டு, ஒருமுறை திருத்தமாகச் சொல்லிவிட்டு உண்ணுக. உணவிட்ட உழவனுக்கு விருந்தினன் செய்யத்தக்க நன்றிகளுள் அதுவும் ஒன்று.