கிளியோடு வந்த கோமாளி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சித்திர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த எங்கள் நால்வரையும் பேச அழைத்தமைக்கு நன்றி. எங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லப்போகிறோம்.

வெனிஸ் நகரில் டொமினிக்கன் துறவியரின் போசனசாலையில் டிஷியன் வரைந்த இராப்போசனப் படம் 1571இல் தீயில் எரிந்தது. அந்த இடத்துக்கு பவுலோ வெரோனேசே 1573இல் புதிதாக ஒன்று வரைந்தார். அகலம் ஏறத்தாழ 13 மீற்றர். நடுவில் இயேசு. சுற்றிலுமோ ஒரு கலியாண வீட்டுச் சந்தடி: பணியாட்கள், குள்ளர்கள், ஆயுதம் ஏந்திய ஜேர்மன் காவலர், கையில் கிளியோடு ஒரு கோமாளி, முன்னால் ஒரு நாய். விடுதிப் போசனசாலையில் சாப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமாகத் தெரியவில்லை!

அவ்வாண்டு யூலை 18ஆம் திகதி சமய விசாரணை மன்றம் ஓவியரை அழைத்தது. ஆண்டவரின் கடைசிப் பந்தியில் கோமாளிக்கு என்ன வேலை? மூக்கில் இரத்தம் வடிய நிற்பவன் யார்? வெறும் கேள்விகள் அல்ல. அந்த மன்றத்துக்குப் பலர் அஞ்சிய காலம் அது. கவிஞருக்கும் பித்தருக்கும் உள்ள சுதந்திரம் ஓவியருக்கும் உண்டு என்றார் அவர். இடம் மிஞ்சியது, ஆட்களால் நிரப்பினேன் என்றும் சொன்னார். நாயை எடுத்துவிட்டு மகதலேனா மரியாளை வரையும்படி முன்னரே கேட்டிருந்தார்களாம். அவள் அந்த இடத்துக்குப் பொருந்தமாட்டாள் என்று விட்டுவிட்டாராம். இந்தப் பதில்தான் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

மூன்று மாதத்துக்குள் சொந்தச் செலவில் திருத்த வேண்டும் என்பது தீர்ப்பு. வெரோனேசே படத்திலே லூக்கா 5ஆம் அதிகாரம் என்று எழுதி, இது லேவி இயேசுவுக்கு அளித்த விருந்து என்றாக்கிவிட்டார். ஆயக்காரரும் பாவிகளும் கூடியிருந்த பந்தி அது. அங்கே கோமாளி வரக்கூடாதென்று யார் சொல்வது? கிளியும் நாயும் காவலரும் இன்றும் வெனிஸ் அக்கடமியா கலைக்கூடத்தில் இருக்கிறார்கள்.

பத்தாம் வகுப்பில் நாங்கள் எழுதிய நத்தார் நாடகத்தில், மாட்டுத் தொழுவத்துக்கு ஒரு மீன்காரியும் வந்தாள். பெத்தலகேமில் மீன்காரி ஏது என்று கேட்டார்கள். எங்களுக்குப் பதில் வரவில்லை. அன்று மாலையே அவளை வெட்டிவிட்டோம். மீன்காரியாக நடிக்கவிருந்த தோழி திரை இழுத்தாள். அவள் இப்போது மூன்றாம் வரிசையில் இருந்து சிரிக்கிறாள். அவளுக்காக எழுதிய வசனம் எங்கள் நால்வருக்கும் இன்னும் பாடம்.