கலங்கிய நீரும் தெளிந்த மனமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்னிசையும் நாடகமும் காத்திருக்கும் மாலைப் பொழுதில் தியானத்தைப் பற்றிப் பேச வருபவனை அவையோர் சற்று அச்சத்துடனேயே நோக்குவர் என்பதை நான் அறிவேன். ஆகவே தத்துவத்தின் உயரங்களுக்கு உங்களை அழைத்துச் செல்ல நான் முயலப் போவதில்லை. தியானத்தில் அமர்ந்தவனுடைய மனம் ஏன் அமர மறுக்கின்றது, மறுக்கும்போது அவன் செய்யத் தக்கது யாது என்ற ஒன்றை மட்டும், பௌத்த நூல்கள் கூறும் முறையில் சொல்ல விரும்புகின்றேன். என் சொந்த அனுபவம் சிறிதும் அதில் கலந்திருக்கும்.

இரவெல்லாம் படித்த பாடம் தேர்வு மண்டபத்தில் மறந்து போயிற்றே என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கண் கலங்குவதைப் பார்த்திருக்கின்றோம். சங்காரவர் என்னும் அந்தணர் ஏறக்குறைய இதே வினாவைப் புத்தர் பெருமானிடம் கேட்டதாகச் சம்யுத்த நிகாயம் கூறுகின்றது. நெடுங்காலம் ஓதிய மந்திரம் சில வேளை நினைவுக்கு வருவதில்லை. ஓதாத மந்திரமோ சில வேளை தானே விளங்குகின்றது. இதற்குக் காரணம் என்ன என்றார் அவர். புத்தர் ஒரு நீர்க்கிண்ணத்தை உவமையாகக் கொண்டு விடை பகர்ந்தார்.

கிண்ணத்து நீரில் ஒருவன் தன் முகத்தைக் காண விழைகின்றான். நீரில் அரக்கும் மஞ்சளும் நீலமும் கலந்திருந்தால் முகம் தெரியாது, அது அவா. அடுப்பின் மேல் நீர் கொதித்துக் குமிழியிட்டால் தெரியாது, அது வெகுளி. பாசி படர்ந்து மூடியிருந்தால் தெரியாது. அது சோர்வும் உறக்கமும். காற்றடித்து அலை எழும்பினால் தெரியாது; அது மன அலைவும், செய்ததையும் செய்யாததையும் எண்ணி வருந்தும் வருத்தமும். நீர் சேறாகி, இருட்டிலும் வைக்கப்பட்டிருந்தால் தெரியாது, அது ஐயம். இவ்வைந்தையும் பாலி மொழியில் நீவரணங்கள் என்பர். மூடி மறைப்பவை என்பது அதன் பொருள்.

இவ்வுவமையின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஐந்து கிண்ணங்களிலும் முகம் தெரியவில்லை. ஆயினும் காரணம் ஒவ்வொன்றிலும் வேறு. கொதிக்கும் நீரிலிருந்து பாசியை அகற்றப் புகுபவன் கையைத்தான் சுட்டுக் கொள்வான். ‘எனக்கு மனம் ஒருமைப்படவில்லை’ என்று பொதுவாக வருந்துவதால் பயனில்லை. எந்தக் கிண்ணம் நம் கையில் இருக்கின்றது என்று காண்பதே முதற்பணி.

உறக்கத்தை எடுத்துக் கொள்வோம். புத்தரின் தலை மாணாக்கர் இருவருள் ஒருவரான மொக்கல்லானரே மகத நாட்டுச் சிற்றூர் ஒன்றில் தியானத்தில் அமர்ந்து தூங்கி வழிந்தார் என்று அங்குத்தர நிகாயம் மறைக்காமல் சொல்கின்றது. இது நம் போன்றோர்க்கு எத்துணை ஆறுதல்! அவருக்குப் புத்தர் கூறிய வழிகள் நம் பாட்டிமார் கூறுவன போலவே இருக்கின்றன. உறக்கத்தைத் தூண்டிய நினைப்பை விட்டு விடு, கற்ற அறத்தைச் சிந்தித்துப் பார், வாய்விட்டு ஓது, காதுகளை இழுத்து, உடம்பைக் கையால் தேய்த்துவிடு, எழுந்து கண்களை நீரால் கழுவி விண்மீன்களை நோக்கு, மனத்தில் ஒளியை நினை, எழுந்து நட. இத்தனைக்கும் உறக்கம் போகாவிடில், இன்ன நேரத்தில் எழுவேன் என்ற உறுதியோடு வலப்பக்கமாகப் படுத்துக் கொள்!

அலைவுக்கு மருந்து வேறு. சோணர் என்ற செல்வர் மகன் துறவு பூண்டு, கால்களில் குருதி கசியும் வரை நடந்து நடந்து தியானம் பயின்றும் பயன் காணாமல், வீட்டுக்கே திரும்பி விடலாமா என்று எண்ணினார். அவர் இல்லறத்தில் வீணை வாசிப்பதில் வல்லவர். நரம்பை மிக முறுக்கினாலும் இசை இல்லை, மிகத் தளர்த்தினாலும் இசை இல்லை என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்து, முயற்சியும் அவ்வாறே என்று உணர்த்தினார் புத்தர். தூங்குபவனை எழுப்பிய அதே ஆசான், துடிப்பவனைத் தளர்த்துகின்றார்.

அன்பர்களே, இவற்றையெல்லாம் நான் ஏட்டில் படித்தபோது எளிதாகவே தோன்றின. அமர்ந்து பார்த்த பின்னரே அருமை விளங்கிற்று.

நாசிக் மாவட்டத்து இகத்புரியில் தம்மகிரி என்னும் விபாசனைத் தியான நிலையம் 1976ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. பர்மாவில் பிறந்து, ஊ பா கின் என்னும் பெரியாரிடம் பயின்று, 1969இல் இந்தியா வந்து இப்பயிற்சியைப் பரப்பி, 2013இல் மறைந்த சத்தியநாராயண் கோயங்கா அவர்கள் நிறுவியது அது. பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், பத்து நாள் பயிற்சிக்காக நான் அங்குச் சென்றேன். காலை நான்கு மணிக்கு மணி ஒலிக்கும். பேச்சு இல்லை, செய்தித்தாள் இல்லை. முதல் மூன்று நாட்களும் மூச்சின் வரவையும் போக்கையும் நாசியில் உணர்வதே வேலை.

இரண்டாம் நாள் பிற்பகலில் என் தம்பி வந்து சேர்ந்தான், மனத்தில்தான். எங்கள் தந்தையார் காலமான பின், காவிரிக் கரையிலிருந்த மாந்தோப்பை என்னைக் கேளாமலேயே அவன் விற்று விட்டான். ஆறு ஆண்டுகளாக எங்களுக்குள் கடிதமும் இல்லை, பேச்சும் இல்லை. மூச்சைக் கவனிக்க வேண்டிய நான், அவனுக்குக் கடிதம் எழுதிக் கொண்டிருந்தேன். ஒரு சொல்லை அடித்து, அதனினும் கூரிய சொல்லைத் தேடினேன். ஒரு மணி நேரம் கழிந்தபோது ஒரு மூச்சும் நினைவில்லை. கடிதம் மட்டும் மிக நன்றாக அமைந்திருந்தது!

பயிற்சி அளித்தவரிடம் சென்று, கோபத்தை எவ்வாறு விரட்டுவது என்று கேட்டேன். ‘கோபம் இருக்கின்றது என்று தெரிகின்றதல்லவா? முதலில் அதை அறிந்து கொண்டிருங்கள்’ என்றார் அவர். ஏமாற்றத்துடன் திரும்பினேன். ஆனால் சதிபட்டான சூத்திரம் கூறுவதும் இதுவே. தடை உள்ளே இருந்தால் இருக்கின்றது என்றும், இல்லையேல் இல்லை என்றும் அறிதல் வேண்டும்; அது எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு நீங்குகின்றது, நீங்கியது எவ்வாறு மீளாமல் இருக்கும் என்றும் அறிதல் வேண்டும். தியானத்தைத் தடுக்க வந்ததையே தியானத்தின் பொருளாக ஆக்கிவிடும் முறை இது. தடைகளும் உணவின்றி வாழா என்று மற்றொரு சூத்திரம் கூறும். நான் மனத்துள் எழுதிய கடிதமே அடுப்பின் விறகு என்பதை மூன்றாம் நாள் கண்டேன். விறகை இழுத்ததும் நீர் உடனே ஆறிவிடவில்லை; ஆயினும் கொதிப்பு அடங்கத் தொடங்கிற்று.

அடங்கியபோது அடியில் கிடந்தது தெரிந்தது. எங்கள் அன்னையார் நோயுற்றுப் படுத்திருந்த எட்டு மாதங்களில், விடுமுறை இல்லை என்று சொல்லி, நான் ஊருக்குச் சென்றது இரண்டே முறை. இரவெல்லாம் விழித்து அவர்களைப் பேணியவன் அத்தம்பிதான். தோப்பை விற்றதால் வந்த கோபம் என்று நான் கொண்டாடியதன் கீழே, செய்யத் தவறிய கடமையின் வருத்தம் ஒளிந்திருந்தது. வெகுளி என்று கண்ட கிண்ணத்தின் உள்ளே மற்றொரு கிண்ணம்!

இதன் பின் என்ன செய்வது என்பதற்கு விசுத்தி மக்கம் என்னும் நூல் எனக்குத் துணை நின்றது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் அதனை இயற்றிய புத்தகோசர், தம் உரை நூல் ஒன்றில் காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததை நினைவு கூர்கின்றார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அன்பைப் பகைவனிடமிருந்து தொடங்காதே என்கின்றார் அவர். முதலில் உனக்கு நலம் நினை, பின் மதிப்பிற்குரியவர்க்கு, பின் நெருங்கியோர்க்கு, பின் வேண்டுதல் வேண்டாமை இல்லாதவர்க்கு, இறுதியிலேயே பகைவர்க்கு. சினங்கொண்டவன், பிறர்மேல் எறிவதற்காக நெருப்புத் தணலைக் கையில் எடுத்துத் தன்னையே முதலில் சுட்டுக் கொள்பவன் என்று இடித்துரைக்கின்றார். பகைவனிடம் உள்ள ஒரு நற்குணத்தையேனும் நினை என்கின்றார். எவ்வழியாலும் சினம் தீராவிடில் அவனுக்கு ஒரு பொருளைக் கொடு என்று முடிக்கின்றார்.

தம்பியின் நற்குணத்தை நான் தேட வேண்டியிருக்கவில்லை. அன்னையின் கட்டிலருகில் அது எட்டு மாதம் விழித்திருந்தது. வீடு திரும்பியதும் அவனுக்கு ஒரு வேட்டியும் அவன் மனைவிக்கு ஒரு புடவையும் அனுப்பி, உடன் ஒரு கடிதமும் எழுதினேன். தோப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘அம்மாவை நீ பார்த்துக் கொண்டாய், நான் பார்க்கவில்லை’ என்று மட்டும் எழுதினேன். ஒரு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. என் உடல்நலத்தை விசாரித்து, மழை நன்றாகப் பெய்தது என்று இரண்டு வரி. இன்றும் தோப்பைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. சில வேளை அந்நினைவு வரும்போது நீர் சற்றே சூடேறுவதும் உண்டு. இப்பொழுது அதை நான் அறிகின்றேன், விறகு வைப்பதில்லை.

நாம் அனைவரும் ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்தவர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இங்கே ஒரு குடும்பம் போலக் கூடுகின்றோம். ஆனால் ஊரில் நாம் விட்டு வந்த மனத்தாங்கல்களும் நம்மோடு இரயிலேறி வந்து இக்காலனியின் வீடுகளில் குடியிருக்கின்றன. அவற்றை ஒரே நாளில் வெளியேற்ற இயலாது. நாள்தோறும் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து, இன்று என் கிண்ணத்தில் இருப்பது சாயமா, கொதிப்பா, பாசியா, அலையா, சேறா என்று பார்க்கலாம். துறவு பூணாமலும் செய்யக் கூடிய பணி இது.

சங்கம் ஆண்டுதோறும் செழித்தோங்குக; உங்கள் இல்லங்களில் தெளிவு நிலவுக.