இடிக்காமல் கட்டியவர்கள்



வீட்டுச் சுவரைப் பார்க்கச் சொல்லி ஒரு கொத்தனாரை அழைக்கிறோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "சுவர் நன்றாகத்தான் இருக்கிறது, பெருக்கி வையுங்கள், போதும்" என்று சொல்லிப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

1996-ஆம் ஆண்டில் பிரான்சின் போர்தோ நகராட்சிக்கு அப்படித்தான் இருந்திருக்கும். லியோன் ஓகோக் என்ற சிறு சதுக்கத்தை அழகுபடுத்தும் பணி ஆன் லக்காத்தோன், ஜான் ஃபிலிப் வசால் என்ற இரு கட்டடக் கலைஞர்களிடம் கொடுக்கப்பட்டது. மரங்கள், இருக்கைகள், பந்து விளையாட இடம், எல்லாம் அங்கே ஏற்கெனவே இருந்தன. அங்குள்ளவர்களிடம் பேசிப் பார்த்த இருவரும், சரளைக் கல்லைப் புதுப்பியுங்கள், மரங்களைப் பராமரியுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றார்கள்.

சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். அளந்து செய்வதில் இவர்கள் கெட்டிக்காரர்கள். அதே போர்தோவில் கிராண் பார்க் குடியிருப்பு 1960-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. மூன்று கட்டடங்கள், 530 வாடகை வீடுகள். இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. இடித்தால் அத்தனைக் குடும்பங்களும் எங்கே போவது?

வேறு இரு கட்டடக் கலைஞர்களோடு சேர்ந்து இவர்கள் சொன்ன வழி எளிமையானது. பழைய கட்டடத்தை இடிக்காமல், அதன் முகப்பை ஒட்டி 3.8 மீட்டர் ஆழத்துக்குப் புதிய பகுதியை மாடி மாடியாக நிறுத்தினார்கள். முன்கூட்டியே வார்த்த பாகங்களைக் கிரேன் தூக்கி வைத்தது. சிறு சன்னல்கள் போய், நழுவும் கண்ணாடிக் கதவுகள் வந்தன. கதவைத் திறந்தால் கூடம், அதற்கப்பால் பால்கனி. பனிக்காலத்தில் அந்தக் கூடத்தில் வெயில் தங்குவதால் வீட்டைச் சூடேற்றும் செலவும் குறைகிறது.

ஒரு வீட்டுக்கு 12 முதல் 16 நாள்கள்தான் வேலை. குடியிருந்தவர்கள் வெளியேறவில்லை, வாடகையும் உயரவில்லை. 2017-இல் பணி முடிந்தது.

பளபளப்பான கட்டடங்களை விரும்புவோருக்கு இவர்களின் பிளாஸ்டிக் தகடுகளும் அலுமினியச் சட்டங்களும் தொழிற்சாலையை நினைவூட்டலாம். அந்தக் குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அலங்காரத்தில் மிச்சப்பட்ட பணம்தான் கூடுதல் இடமாக மாறியது.

2021-இல் கட்டடக் கலையின் உயர்ந்த விருதான பிரிட்ஸ்கர் இருவருக்கும் கிடைத்தது. போர்தோவின் அந்தச் சதுக்கத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு, அவர்கள் கட்டியது என்று காட்ட அங்கே எதுவுமில்லை.