மஞ்சள் கண்ட கண்கள்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் சிற்றாலயப் போதகர் அளித்த செய்தி)



பெதஸ்தா குளத்தண்டையில் 38 வருஷம் கிடந்த மனிதனை நீங்கள் அறிவீர்கள். வியாதியைவிட, தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்பதே அவன் முறையீடு. சென்ற மழைக்காலத்தில் எங்கள் வார்டுக்கு வந்த ஒரு சகோதரரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குளக்கரை எங்கள் மனதில் வருகிறது. அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம்.

அவர் கொத்தனார். எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்தே இருந்தன. இரண்டுக்கும் அரசாங்கம் இலவசமாக மாத்திரை கொடுக்கிறது; ஒழுங்காகவே சாப்பிட்டு வந்தார். ஆறாவது வாரம் கண் மஞ்சளாயிற்று. வீட்டார் நம் ஊர் வழக்கப்படி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். பத்தியம் வைத்தார்கள். மாத்திரை அத்தனையையும் நிறுத்திவிட்டார்கள். அந்நாட்களில் நாங்களும் அவர் வீட்டுக்குப் போனோம். தலைமேல் கைவைத்து ஜெபித்தோம். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க மனமில்லை.

கீழாநெல்லியைப் பழிக்க நாங்கள் வரவில்லை. ஹெப்படைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் அவர்களே சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து அதைச் சோதித்தார். 1988-இல் வெளிவந்த முடிவு நம்பிக்கை தந்தது. பின்னால் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து, இருமி இருமி, எலும்பும் தோலுமாக வந்தார். இரத்தத்தைச் சோதித்தபோது ஹெப்படைடிஸ் பி கிருமியும் இருந்தது. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே ஈரலைத் தாக்கக்கூடியவை. பி அல்லது சி கிருமி ஏற்கெனவே குடியிருக்கும் ஈரலுக்கு அந்த ஆபத்து கூடுதல். ஆனால் டெனோஃபோவிர், லாமிவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்துகள் பி கிருமியையும் சேர்த்தே அடக்கி வைக்கின்றன. திடீரென்று விட்டால் அது சீறிக்கொண்டு எழும்பும். ஆகவே மருத்துவர் சொல்லிச் சில மாத்திரைகளை நிறுத்த வேண்டும், சிலவற்றைத் தொடரவேண்டும். எது எதை என்று அந்தக் குடும்பத்துக்கு யார் சொன்னது?

எங்கள் மருத்துவர்கள் ஈரலுக்கு இதமான வேறு மருந்துகளால் காசநோயைச் சிலகாலம் அடக்கி, பழைய மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஈரல் சோதனை; வாரக்கணக்கில் படுக்கை; கூலி இல்லாத வீட்டில் அரிசி. உங்கள் காணிக்கை போனது இதற்குத்தான். 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பி, சி இரண்டுக்கும் மருந்து இலவசமாகக் கிடைப்பது பெரிய ஆறுதல். சி கிருமியைப் பெரும்பாலும் 12 வாரத்தில் குணமாக்கலாம், ரிஃபாம்பிசின் ஒத்துப்போகாததால் காசநோய் முடியும்வரை பெரும்பாலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காசநோய் மாத்திரை தொடங்குமுன்னே பி, சி சோதனை செய்துவிட்டால் பாதித் துன்பம் குறையும்.

சகோதரர் இப்போது அரைநாள் வேலைக்குப் போகிறார். மனைவிக்கு பி கிருமி இல்லை. தடுப்பூசி இரண்டு போட்டாயிற்று, மூன்றாவது அடுத்த மாதம். மற்றச் சோதனைகளைப் பற்றிச் சபைநடுவில் பேசுவது எங்களுக்கு அடுத்ததல்ல.

இந்நாட்களில் வீடு சந்திக்கப் போனால், வேதபுஸ்தகத்தைத் திறக்குமுன் மாத்திரைப் பையைக் காட்டச் சொல்கிறோம். சிலர் முகம் சுளிக்கிறார்கள். காத்திருந்து, பார்த்தபிறகே ஜெபிக்கிறோம்.