பனிக்கு அடியில் கழுத்தளவுத் தண்ணீர்

அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் குளிர்காலம் முற்றினால் நீர்நிலைகளின் மேல்பரப்பு உறைந்து இறுகிவிடும். அதன்மேல் நடந்து போய், துளை போட்டு, தூண்டில் இறக்கி மீன் பிடிப்பது அங்கே பலருக்குப் பழக்கம். பெரிய ஏரிகளில் இது திருவிழா மாதிரி இருக்கும். பனிமேல் குடில்கள், குடிலுக்குள் அடுப்பு, வாசலில் வண்டி. நான் பேச வந்தது அந்தக் கூட்டத்தைப் பற்றியல்ல. ஊருக்கு ஒதுக்குப்புறமான சிறு குளத்தில், ஆறடிக்கும் குறைந்த நீரில், கிராப்பி மீனைத் தேடுகிறவர்களைப் பற்றி. இரண்டு கூட்டத்தில் இவர்களே கலைஞர்கள் என்பது என் கட்சி.

கிராப்பி, சன்ஃபிஷ் குடும்பத்து மீன். தட்டையான உடம்பு, வெள்ளிச் செதிலில் கறுப்புத் திட்டுகள், தூண்டிலை வெடுக்கென்று இழுத்தால் கிழிந்துவிடுகிற மெல்லிய வாய். குளிரில் இது ஆழத்துக்குத்தான் போகும் என்பது பொதுவான நம்பிக்கை. அதற்குக் காரணமும் உண்டு. தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதனால் உறைந்த குளத்தில் குளிர்ந்த நீர் மேலேயும், சற்றே வெதுவெதுப்பான நீர் அடியிலும் தங்கும். வெப்பத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் அந்த நம்பிக்கை சரி. ஆனால் மீனுக்கு மூச்சும் வேண்டுமே!

பனி மூடிய குளத்துக்கு வெளிக்காற்று கிடையாது. உள்ளே பிராணவாயு தருவது பச்சையாக இருக்கும் நீர்க்கொடிகளும் பாசியும்தான். அவற்றுக்குப் பனியை ஊடுருவி வரும் வெளிச்சம் தேவை. குளத்தின் ஆழமான குழியிலோ இலைச்சருகு மக்கிக்கொண்டிருக்கும். மக்குவது பிராணவாயுவைத் தின்னும். ஆகவே பனி புதிதாக, கண்ணாடியாக இருக்கும் முதல் வாரங்களில், கரையோரக் கொடிகள் பச்சை மாறாமல் நிற்கும் இடத்தில் புழு பூச்சிகள் இருக்கும். அவற்றைத் தின்னக் கிராப்பியும் வந்து நிற்கும். பிறகு கனத்த பனி பொழிந்து வெளிச்சத்தை மறைத்தால் கொடி வாடும், அழுகும். நேற்று மூச்சு தந்த இடமே இன்று மூச்சைப் பறிக்கும். மீன் இடம் பெயரும், சில நேரம் பனிக்கட்டிக்கு ஒட்டினாற்போல மேலே ஏறி நிற்கும். குளம் முழுக்கப் பிராணவாயு தீர்ந்துபோனால் கூண்டோடு சாகும். பனி உருகும்போதுதான் அது கரைக்குத் தெரியவரும்.

போன வாரம் கண்டுபிடித்த இடத்தை இந்த வாரம் நம்ப முடியாது என்பதே இந்த வித்தையின் கடினம். தேர்ந்தவர் எதைப் பார்க்கிறார்? துளைப்பானோடும் தூண்டில் முள்ளோடும் மேலே வரும் இலைத்துணுக்கை. மொறுமொறுப்பாகப் பச்சையாக இருந்தால் அங்கேயே உட்காருவார். பழுப்பாகக் குழைந்து நாற்றமடித்தால் எழுந்துவிடுவார். இலையுதிர் காலத்திலேயே குளத்தைச் சுற்றி வந்து, சம்பங்கோரை எங்கே முடிகிறது, சாய்ந்த மரம் எங்கே மூழ்கியிருக்கிறது என்று மனதில் குறித்து வைத்திருப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மினசோட்டாக்காரர் டேவ் கென்ஸ் 1980களில் இந்த மீன்பிடிப்பையே மாற்றியவர். சறுக்கு வண்டியோடு சேர்ந்த கூடாரம், கையோடு ஒலியால் மீனைக் காட்டும் ஒரு சோனார், ஒரே துளையில் தவம் கிடக்காமல் துளை துளையாக நகர்வது என்று வழி காட்டினார். நகரும் பாடம் சிறு குளத்துக்கும் பொருந்தும். சோனார் அவ்வளவாகப் பொருந்தாது. 20 டிகிரி விரியும் ஒலிக்கூம்பு, நாலடி நீரில் தரையைத் தொடும்போது ஒன்றரை அடி வட்டத்தைக்கூடக் காட்டாது. அண்மையில் பக்கவாட்டிலும் பார்க்கும் சோனார் வந்திருக்கிறது. அது இந்தக் குறையைத் தீர்க்கிறது, கூடவே தேடும் இன்பத்தையும் தீர்த்துவிடுகிறது என்பேன்.

ஆழமில்லாத நீரில் காலடிச் சத்தம் மீனுக்குக் கேட்டுவிடும். அதனால் வேண்டிய துளைகளையெல்லாம் முதலிலேயே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் விலகி நிற்பார்கள். துளையிலுள்ள பனித்தூளை முழுதும் அள்ளாமல், வெளிச்சம் பாயாதபடி கொஞ்சம் விட்டுவைப்பதும் உண்டு. சிறிய டங்ஸ்டன் ஜிக்கில், அதாவது எடை வைத்த தூண்டில் முள்ளில், ஒரு மெழுகுப்புழு. அதை மீனுக்குக் கீழே இறக்கவே கூடாது. கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து இரை தேடும் மீன். இரையைக் கவ்விக்கொண்டு அது மேலே எழும்போது தூண்டில் நரம்பு தொய்யும், தக்கை அமிழ்வதற்குப் பதில் எழும்பிச் சாயும். தக்கை முங்கட்டும் என்று காத்திருக்கும் நம்மூர்க் கை அங்கே ஏமாந்துபோகும். விடியலும் அந்தியும்தான் நல்ல வேளை.

ஒரு சங்கடம் இருக்கிறது. நடப்பதற்குத் தெளிந்த புதுப்பனி குறைந்தது 4 அங்குலமாவது வேண்டும் என்கிறது மினசோட்டா இயற்கை வளத் துறை. வெள்ளைப் பனிக்குப் பாதி வலுதான். கோரைத்தண்டும் மரக்கட்டையும் துருத்தி நிற்கும் இடத்தில் பனி இன்னும் பலவீனம். மீன் இருக்கும் இடமும் அதுவேதான். அடிக்கொரு தரம் இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்து நடக்காதவரை நான் கெட்டிக்காரர் என்று சொல்லமாட்டேன்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதிலும் ஒரு கணக்கு உண்டு. முப்பதடி ஆழத்திலிருந்து இழுத்த கிராப்பியின் காற்றுப்பை வீங்கிவிடும், திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. கழுத்தளவு நீரில் பிடித்ததைத் தாராளமாக விடலாம். ஆனால் எல்லாவற்றையும் விடுவதும் சரியல்ல. சிறு குளத்தில் கிராப்பி வரம்பில்லாமல் பெருகி, இரை போதாமல் எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிடும். சின்னக் குளத்தில் கிராப்பியைப் புதிதாகக் கொண்டுவந்து விடவே வேண்டாம் என்று மீன்வளத் துறையினர் சொல்வது அதனால்தான். அப்படிப்பட்ட குளத்தில் சின்னதை எடுத்து வறுத்துத் தின்றுவிட்டு, பெரியதைத் திரும்ப விடுகிறவரே விவரம் தெரிந்தவர்.