படம் மங்குவது ஏன்?



திருமணப் படங்கள் சிலவற்றில் மாலையின் இதழ்களை எண்ணிவிடலாம். மணப்பெண்ணின் முகமோ மங்கியிருக்கும். கேமரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெரும்பாலும் பழுது ஒன்றுமிராது. லென்ஸ் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டதோ, அந்தத் தூரத்திலுள்ள பொருளே தெளிவாக விழும். இதைத்தான் ‘போகஸ்’ என்கிறோம், தமிழில் குவியம்.

முன்பெல்லாம் நல்ல கேமராக்களில் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பியே குவியம் கண்டார்கள். 1977இல் ஜப்பானின் கோனிகா நிறுவனம், தானே குவியம் காணும் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1985இல் மினோல்டா 7000 வந்தபின், லென்ஸ் மாற்றும் கேமராக்களிலும் இம்முறை பரவியது. இன்று நம் கைப்பேசியிலும் இருப்பது அதுதான்.

இந்தத் தானியங்கி எதைப் பார்க்கிறது? பெரும்பாலும் வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். வெள்ளைச் சுவர், விடியற்காலைப் பனிமூட்டம், விளக்கு மங்கிய லயத்து வீடு ஆகிய இடங்களில் அதற்குப் பிடிப்புக் கிடைக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். பால்மரங்களுக்கு நடுவே நிற்பவரை எடுத்தால், முன்னால் உள்ள மரத்தையே பற்றிக்கொள்ளக்கூடும். புதிய கருவிகள் முகத்தைக் கண்டுகொள்கின்றன என்பது உண்மை. ஆனால் பத்து முகங்களில் உங்களுக்கு வேண்டியது எது என்று அவற்றுக்கு எப்படித் தெரியும்?

ஓடும் பிள்ளைகளை எடுக்கத் தானியங்கியே மேல். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு வேறொரு வழியும் உண்டு. சாதாரண பிலிம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை ‘எப் 8’இல் வைத்து, தூரத்தை 3 மீட்டருக்குத் திருப்பிவிடுங்கள். ஏறக்குறைய இரண்டரை மீட்டர் முதல் நான்கு மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பிள்ளை அந்த எல்லைக்குள் வரும்போது பொத்தானை அழுத்தினால் போதும்.

அடையாளக் கார்டுப் படத்தைத் தவிர, பாட்டிக்கு வேறு படமே இல்லாத குடும்பங்கள் தோட்டங்களில் உண்டு. அவர்களைப் பொறுமையாக உட்கார வைத்து எடுங்கள். கைப்பேசியானால் திரையில் அவர் முகத்தைத் தொடுங்கள்; பல கைப்பேசிகளில் விரலைச் சற்று அழுத்திப் பிடித்தால் குவியம் அங்கேயே நிற்கும். வளையமுள்ள லென்ஸ் என்றால், தெளிவான இடத்தைக் கொஞ்சம் தாண்டித் திருப்பி, மறுபடி பின்னுக்குக் கொண்டுவாருங்கள். சரியான இடம் கண்ணுக்கு அகப்பட்டுவிடும். பார்க்க வேண்டியது கண்ணிமையை; மூக்குத்தியை அன்று. மங்கிய வெளிச்சத்தில் துவாரத்தை அகலத் திறந்து நெருங்கி எடுக்கும்போது, மூக்குக்கும் கண்ணுக்கும் உள்ள அந்தச் சிறு இடைவெளியே படத்தைக் கெடுத்துவிடும்.